நாலு புள்ளிக்கு ஒரு கடைவாய்ப்பல்

பல் மருத்துவத்தின் முன்னேற்றத்துக்காக நேரத்தைக் கொடுத்தவர்கள் உண்டு. உழைப்பைக் கொடுத்தவர்கள் உண்டு. குனிந்து குனிந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பல்லையே கொடுத்தவர் யார் என்று கேட்டால், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரே ஒருத்தியைத்தான் காட்ட முடியும். அவள் பெயர் சிவபாக்கியம். பல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மலரில் அவள் பெயர் இல்லை. ‘நோயாளி, பெண், வயது 52’ என்று இருக்கிறது. வயதும் தப்பு.

மேல்மலையில் பூண்டு போடுகிற வீட்டில் பிறந்து, நாயுடுபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் திருமலைச்சாமி கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வேன் ஓட்டுகிறான். அவள் டாக்டர் ராஜமுருகனின் பல் மருத்துவமனையில் உதவியாளர். கூட்டுவது, துடைப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கத்தி கிடுக்கிகளைக் கழுவுவது, வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் “டாக்டர் வந்துக்கிட்டே இருக்காருங்க” என்று பொய் சொல்வது எல்லாம் அவள் சோலி.

அந்த மருத்துவமனையின் பாதுகாப்பு ஏற்பாடுகள் தனிப் புத்தகமாக வர வேண்டியவை. கருவிகளைச் சுத்திகரிக்கும் எந்திரம் பழுதாகி, அதற்குள் டாக்டரின் மஃப்ளர் இருந்தது. கருவிகள் குக்கரில் வெந்தன. கையுறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். மூடுபனிக் காலத்தில் அவை காய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. நனைந்த கையுறையை மாட்டிக்கொண்டு வேலை செய்து செய்து, அவள் விரல்கள் ஊறுகாயில் போட்ட இஞ்சி மாதிரி ஆகியிருந்தன. பயன்படுத்திய ஊசி அவ்வப்போது அவள் விரலில் ஏறும். ஏறினால் டாக்டர் உடனே முதலுதவி சொல்வார்: “சோப்புப் போட்டுக் கழுவிக்க பாக்கியம். வெரசா வா, ஆளு வாயைத் திறந்துக்கிட்டு இருக்காரு.”

இவ்வளவுக்கும் அவள் மனம் கோணியதில்லை. அவளுக்கென்று ஒரு தொழில் பெருமை இருந்தது. அது கை பிடிக்கும் கலை.

டாக்டர் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு வாக்குக் கொடுப்பார். “வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்.” வாக்குக் கொடுப்பது டாக்டரின் பொறுப்பு. தூக்கிய கையைக் கவனிப்பது சிவபாக்கியத்தின் பொறுப்பு. நாற்காலியின் இடப்பக்கம் நிற்பவள் அவள்தானே. கை மேலே வரும். அவள் அதை ஒரு தாயின் பாசத்தோடு பற்றி, நோயாளியின் நெஞ்சில் வைத்து, மெல்லத் தடவிக்கொண்டே அமுக்கிக்கொள்வாள். டாக்டர் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே வராது. எத்தனையோ லாரிக்காரர்களின் கையை அவள் அப்படி அடக்கியிருக்கிறாள். போகும்போது அவர்களே “அந்தக்கா கையைப் பிடிச்சுக்கிட்டது ஆறுதலா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

செண்பகனூரிலிருந்து நதியா என்கிற இரண்டாவது உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தபோது, இந்த வித்தையை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள்.

“கையைத் தூக்குனா பதறாத புள்ள. பிடிச்சு நெஞ்சு மேல வச்சு லேசா அமுக்கிக்க. தடவியும் குடு. கை திரும்ப மேல வராது.”

“வலிக்குதுன்னுதானக்கா தூக்குறாங்க?”

“பின்ன டாட்டா காட்டவா தூக்குறாங்க? ஒவ்வொரு கைக்கும் நிறுத்திக்கிட்டு இருந்தா நீ எந்த பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போவ?”

“சத்தம் போட்டா?”

“சத்தம் போட்டா மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். சந்தோசப்பட்டுக்க.”

நதியா சந்தோஷப்படக் கற்றுக்கொண்டாள். நல்ல கெட்டியான கை அவளுக்கு.

இத்தனை பேர் வாயைப் பார்த்த சிவபாக்கியத்தின் சொந்த வாய் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இடது பக்கம் மெல்லுகிற பல் ஒன்றுகூட இல்லை. டாக்டர் தொழில் தொடங்கிய புதிதில் வாங்கிய கிடுக்கிகளைப் பழகிப் பார்த்ததில் அவை போயின. வலது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப்பற்கள் இருந்தன. முன்னது சொத்தை, பக்கம் உடைந்து நடுவில் கருங்குழி. பின்னது முத்து. கறியோ கடலையோ, இந்த இரண்டும்தான் அரைக்க வேண்டும். மூன்று மாதமாக முன்பல் குடைந்ததில் பின்பல்லும் சும்மா கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு பருக்கை பட்டாலும் உச்சந்தலை வரை மின்னியது. கஞ்சியாகக் குடித்துக் குடித்து அவளுக்குச் சேலை இடுப்பில் நிற்கவில்லை. டாக்டரிடம் சொல்லும்போதெல்லாம் அவர் தடாலடியாக ஒரே பதில் வைத்திருந்தார்: “பிடுங்கிருவோம்.” அவள் வாயை இறுக மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அப்போதுதான் தொடர்கல்வி மலையேறி வந்தது.

பல் மருத்துவர்கள் படித்து முடித்த பிறகும் படிக்க வேண்டும் என்பது விதி. கருத்தரங்கில் உட்கார்ந்தால் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். மதுரையில் நடத்தினால் ஈயாடும். கொடைக்கானலில் நடத்தினால் குடும்பத்தோடு வருவார்கள். ராஜமுருகன் அந்த ஆண்டு வட்டாரச் சங்கத் தலைவர். ஏரிக்குப் பக்கத்து ஓட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடாயிற்று. காலையில் ‘பணியிடப் பாதுகாப்பு’ சொற்பொழிவு. மதியத்துக்கு முன் வேர்ச்சிகிச்சை நேரடிச் செய்முறை. அதாவது பல்லின் வேருக்குள் இருக்கும் நரம்பைச் சுரண்டி எடுத்து அடைத்துக் காட்டுவது. வந்தவர்களுக்கு நாலு புள்ளி, பிரியாணி, படகுச் சவாரி. நினைவுப் பரிசாக ஆளுக்கு ஒரு டப்பா பழனி பஞ்சாமிர்தம். டாக்டரின் மாமனார் வீட்டு வியாபாரம் அது. பல் மருத்துவர்களுக்கு இனிப்புக் கொடுப்பதில் ஒரு தொலைநோக்கு இருக்கத்தான் செய்கிறது.

செய்முறைக்கு நோயாளியாக நாற்காலியில் படுக்க ஒப்புக்கொண்டிருந்த ஒரு விடுதிக்காரர், அறுபது பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். டாக்டர் அன்று மாலை சிவபாக்கியத்தைக் கூப்பிட்டார்.

“பாக்கியம், உன் பல்லு இன்னும் வலிக்குதா?”

“கெடந்து குடையுது சார். கஞ்சிதான் ஓடுது.”

“பிடுங்க வேணாம்னு நெனைக்கிறேன். காப்பாத்துவோம்.”

இத்தனை வருஷத்தில் ‘காப்பாத்துவோம்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து அவள் பக்கமாக வந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நெசமாவா சார்?”

“ஞாயித்துக்கெழம, ஓட்டல்ல. அறுபது டாக்டருங்க இருப்பாங்க. பெரிய ஸ்கிரீன்ல உன் பல்லு தெரியும்.”

“அப்ப வெள்ளனே எந்திரிச்சு நல்லா வெளக்கிட்டு வாரேன் சார்.”

வீட்டில் சொன்னபோது திருமலைச்சாமி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“உங்க டாக்டரு ஓசியில கொட்டாவிகூட விடமாட்டாரே. இது என்ன புதுசா?”

“எல்லாத்துலயும் கொற சொல்லாதீங்க. பல்லு தங்குனா ஊர்த் திருவிழாவுக்குக் கிடாக்கறி தின்னுருவேன்ல.”

“நீ தின்ன ஆரம்பிச்சா எம் பங்கு கொறையும். டாக்டரு என்னயத்தான் பழிவாங்குறாரு.”

ஞாயிற்றுக்கிழமை மலை முழுக்க மூடுபனி. சால்வை போர்த்திய மருத்துவர்கள் தூண்பாறையைப் பார்க்க முடியாத துக்கத்தில் அரங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மதுரையிலிருந்து வந்த டாக்டர் முருகானந்தம் பணியிடப் பாதுகாப்பு பற்றி முழங்கினார்.

“நம்முடைய பணியிடம் எது? கிளினிக்கா? இல்லை. நோயாளியின் வாய். அந்தப் பணியிடத்தில் அசைகிற எல்லாமே ஆபத்து. நாக்கு அசையும். கன்னம் அசையும். சில சமயம் நோயாளியே அசைவார். இவற்றை எல்லாம் நாம் கட்டுக்குள் வைக்க வேண்டும்.” பிறகு ஊசிக்குத்து பற்றிச் சொன்னார். உதவியாளர் கையில் ஊசி குத்தினால் அன்றைக்கே பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ராஜமுருகன் எழுந்து நின்றார். “எங்க கிளினிக்கில் இன்று வரை பதிவான ஊசிக்குத்து ஒன்றுகூட இல்லை.”

உண்மைதான். பதிவேடே இல்லை. அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் தேநீர்த் தட்டை வைத்துவிட்டுச் சிவபாக்கியமும் தட்டினாள். தட்டிய விரல்களில் இரண்டில் பழைய குத்தின் தழும்பு இருந்தது.

அடுத்தது அவள் முறை. மேடையில் வாடகைக்கு எடுத்த நாற்காலி. தலைக்கு மேல் விளக்கும் காமிராவும். காலடிப் பக்கத்தில் சுவரை அடைத்துப் பெரிய திரை. வலது கீழ்த்தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்டார் டாக்டர். சிறிது நேரத்தில் பாதி முகம் அவளுடையதாக இல்லை.

“பாதுகாப்பின் உச்சம் இதுதான்,” என்று டாக்டர் ஒரு ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். பச்சை நிறம், கைக்குட்டை அளவு, நடுவில் ஒரு துளை. வாயை முழுக்க இதனால் மூடிவிட வேண்டும். வைத்தியம் செய்கிற பல் மட்டும் துளை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். விழாமல் இருக்க ஓர் இரும்புக் கவ்வி பல்லின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து தொண்டைக்குள் போகாது, கருவி வழுக்கி விழாது. எல்லாப் பாடப் புத்தகமும் இதை வற்புறுத்துகிறது. டாக்டர் ராஜமுருகனும் வற்புறுத்துகிறவர்தான். அன்று வரை அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததில்லை.

கவ்வியைச் சொத்தையான முன்பல்லில் மாட்டினார். பக்கம் உடைந்த பல் ஆகையால் வழுக்கியது. மறுபடி மாட்டினார், மறுபடி வழுக்கியது. அடுத்த முறை கொஞ்சம் பின்னால் தள்ளி ‘டக்’கென்று வாகாக உட்கார்ந்தது. உட்கார்ந்த இடமே சரியான இடம் என்று அவர் முடிவு செய்ததாகச் சொன்னால் அது வீண்பழி. அவர் எந்த முடிவும் செய்யவில்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். விரிப்பை இழுத்துச் சட்டத்தில் மாட்டியதும் சிவபாக்கியத்தின் வாய் மறைந்தது. துளையில் எட்டிப் பார்த்த பல்தான் இனி நோயாளி.

பொழுதுபோகாமல் திரையைப் பார்த்தாள் சிவபாக்கியம். பச்சை வயலின் நடுவே ஒரு பல். வெள்ளை வெளேரென்று, கீறல் இல்லாமல், மழையில் கழுவிய கூழாங்கல் மாதிரி. ‘ஆத்தி, யார் பல்லு இது, இம்புட்டு அழகா’ என்று மனதுக்குள் வியந்தாள். முந்தின செய்முறையின் படமாக இருக்கும் என்று நினைத்தாள். அப்போது எந்திரம் ‘ஙீ’ என்று இரைந்தது. திரையில் இருந்த பல்லின் நெற்றியில் துளை விழுந்தது. அதே நேரம் அவள் மண்டை ஓடு அதிர்ந்தது.

தன் பல்லைத் தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. ஆனாலும் கருங்குழி எங்கே போயிற்று என்று கேட்க அதிகப் படிப்புத் தேவையில்லை.

“ங்ஙா... ங்ங்ஙா...” என்றாள் ரப்பருக்குள்ளிருந்து.

“பேஷண்ட் நல்லா ஒத்துழைக்கிறாங்க,” என்றார் டாக்டர் மைக்கில்.

இடது கையைத் தூக்கினாள். இடப்பக்கம் நதியா நின்றிருந்தாள். புதுக் கையுறை, புது முகக்கவசம், கண்ணில் அவ்வளவு கனிவு. கையைப் பாசத்தோடு பற்றி, நெஞ்சில் வைத்து, தடவிக்கொண்டே அமுக்கினாள். சிவபாக்கியம் மறுபடி தூக்கப் பார்த்தாள். அது திரும்ப மேலே வரவில்லை. கற்றுக்கொடுத்தது அவ்வளவு சுத்தமாகப் பதிந்திருந்தது.

“ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல,” என்று காதருகில் சொன்னாள் நதியா. அதுவும் சிவபாக்கியத்தின் வசனம்தான்.

அரங்கத்தில் அறுபது ஜோடி கண்கள் இருந்தன. அறுபதும் படித்த கண்கள். கீழே சொத்தைப் பல்லின் எக்ஸ்ரே ஒட்டியிருந்தது. மேலே திரையில் சொத்தை இல்லாத பல். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசையில் ஒருவர், “தூண்பாறை தெளிஞ்சிருச்சாம்,” என்றார். எல்லாக் கண்ணும் ஜன்னலுக்குப் போயிற்று. மிச்சம் இருந்தவை ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஷர்மிளாவின் கண்கள் மட்டும். புதிதாகத் தொழில் தொடங்கியவர். பதிவைப் புதுப்பிக்க அவருக்குச் சரியாக நாலு புள்ளி குறைந்தது.

ஷர்மிளா பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்தார். “சார், அந்தப் பல்லுல சொத்தையே இல்லையே.”

“வருமுன் காப்பாத்துறாரு போல,” என்றார் அவர், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஷர்மிளா கையைத் தூக்கினார். முருகானந்தம் ஓடி வந்து, அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துக் கீழே இறக்கினார். “கேள்வியெல்லாம் கடைசியிலம்மா. அவரோட கவனத்தைக் கலைக்கக் கூடாது. பணியிடப் பாதுகாப்பு.”

ஆக, அந்த அரங்கத்தில் அன்று தூக்கப்பட்டவை இரண்டே கைகள். இரண்டும் அன்போடு இறக்கப்பட்டன.

நரம்பு வெளியே வந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை, இளஞ்சிவப்பாக உயிரோடு வந்தது. “எவ்வளவு ஆரோக்கியமான நரம்பு பாருங்க,” என்று டாக்டரே பெருமையாகத் தூக்கிக் காட்டினார். தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

முடிந்ததும் சான்றிதழ் வழங்கினார்கள். ராஜமுருகன் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஷர்மிளாவின் முறை வந்தபோது, “ஏதோ கேக்கணும்னீங்களாமே மேடம்,” என்றார், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

ஷர்மிளா பேனாவைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார். அந்த ரப்பர் எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேக்கலாம்னு.”

கையெழுத்து விழுந்தது. நாலு புள்ளி சேர்ந்தது. பிரியாணி ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூண்பாறைக்குப் போனார்கள். பாறையைப் பனி மறுபடி மூடிவிட்டிருந்தது என்பது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நியாயம்.

சிவபாக்கியம் மரத்த வாயோடு டாக்டரிடம் சொல்ல முயன்றாள். பாதி உதடுதான் ஒத்துழைத்தது. “நன்றியெல்லாம் எதுக்கு பாக்கியம்,” என்று சொல்லி, கையில் ஒரு பஞ்சாமிர்த டப்பாவைக் கொடுத்து அனுப்பினார்.

மரப்பு விட்டதும் முன்பல் பழையபடி குடைந்தது. மறுநாள் காலையில் மருத்துவமனைக் கதவைத் திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள்.

“சார், கருங்குழிப் பல்லு அப்படியே கெடக்கு. நீங்க பண்ணுனது பின்னாடி பல்லு.”

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு பெரிய மனிதர் தன் தவறைச் சந்திக்கும் அபூர்வமான நிமிடம் அது. அவர் அதைச் சந்தித்து, அடையாளம் தெரியாதவர் போலக் கடந்து போனார்.

“பின்பல்லு நல்லா இருக்கு.”

“அது முன்னயே நல்லாத்தான சார் இருந்துச்சு?”

“இப்ப அதைவிட நல்லா இருக்கு. இனிமே அதுல வலியே வராது. உசுரு இருந்தாத்தான வலி?” விளக்கை முன்பல் பக்கம் திருப்பினார். “முன்பல்லுதான் உனக்குத் தொந்தரவு. அது இருந்தா பாக்குறவங்களுக்கும் குழப்பம். எடுத்திருவோம்.”

“காப்பாத்துறேன்னீங்களே சார்.”

“காப்பாத்தியாச்சே, பக்கத்துப் பல்ல. வாயைத் திற.”

அவள் திறந்தாள். பதினேழு வருஷமாக எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் திறக்க வைத்தவளுக்கு, திறக்கச் சொன்னால் திறந்துவிட வேண்டும் என்பது பழகிப்போயிருந்தது. இடது கை ஒருமுறை மேலே வந்தது. நதியா கவனித்துக்கொண்டாள்.

சாட்சி சொல்ல இருந்த ஒரே பல் தட்டில் விழுந்தது. இப்போது வலது பக்கம் மிச்சம் ஒன்று. நரம்பு செத்த பல் சருகு மாதிரி; மேலே தொப்பி போடாவிட்டால் பிளந்துவிடும். தொப்பி எப்போது என்று கேட்டாள்.

“இந்த வருஷத் தலைப்பு வேர்ச்சிகிச்சை. தொப்பி அடுத்த வருஷத் தலைப்பு. இப்பவே போட்டுட்டா மேடையில எதைக் காட்டுறது? அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காத.”

“வேற எந்தப் பக்கம் சார் கடிக்கட்டும்?”

“கஞ்சி குடி. மலைக் குளுருக்கு நல்லது.”

குடித்தாள். ஊர்த் திருவிழா வந்தது. கிடாக்கறி அவள் இலைக்கு வந்தது. அவள் பங்கைத் திருமலைச்சாமி தின்றான். “பாவம்டி நீ,” என்று சொல்லிக்கொண்டேதான் தின்றான். திருவிழாவிலிருந்து திரும்பி வந்த அன்று, நாக்குச் செத்துக் கிடக்கிறதே என்று டாக்டர் கொடுத்தனுப்பிய பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தாள். பஞ்சாமிர்தத்துக்கு யார் பல்லைத் தேடப் போகிறார்கள், வழுக்கிக்கொண்டு போகிற பொருள்தானே. வாழைப்பழம் வழுக்கியது, பேரீச்சை வழுக்கியது. நடுவில் இருந்த கற்கண்டு வழுக்கவில்லை. உள்ளே ‘சட்’டென்று ஒரு சத்தம் கேட்டது. வலியே இல்லை. டாக்டர் சொன்ன சொல் அந்த ஒரு விஷயத்தில் தவறவில்லை. பல் நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பஞ்சாமிர்தத்தோடு உள்ளே போய்விட்டது.

பிளக்கும் முன் எடுத்த எக்ஸ்ரே மட்டும் டாக்டரிடம் பத்திரமாக இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பேசும்போது அதைத்தான் முதலில் போடுகிறார். அவர் செய்த வேர்ச்சிகிச்சைகளிலேயே சீழ் கட்டாமல், வீங்காமல், துளி குறை சொல்ல முடியாமல் அமைந்தது அது ஒன்றுதான். நோயே இல்லாத பல் என்பது அதற்கு ஓரளவு உதவியிருக்கலாம்.

பிளந்த பல்லைக் காட்டியபோது அவர் கோபிக்கவில்லை. கண் பளபளத்தது. “விடு. தலைப்பை மாத்திட்டாப் போச்சு. தொப்பி வேணாம், தாடை எலும்புல திருகாணி இறக்கிப் புதுப்பல்லு நடுறதுன்னு வச்சிருவோம். அதுக்கு ஆறு புள்ளி தருவாங்க.”

அவளுக்கு வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. ஆயுசு முழுக்கக் கஞ்சி.

மறு வருஷம் அதே ஓட்டல், அதே பனி, அதே வாடகை நாற்காலி. பிளந்த பல்லின் மிச்சப் பாதியையும் எடுத்தாயிற்று; வலது கீழ்த்தாடையில் இப்போது இரண்டு இடத்தில் பல் இல்லை. எந்த இடத்தில் இறக்குவது என்பதில் டாக்டருக்கு இந்த முறை தவறவே வாய்ப்பில்லை என்று முருகானந்தம் மைக்கில் அறிமுகம் செய்துவைத்தார். முதல் வரிசையில் ஷர்மிளா குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார். சிவபாக்கியம் நாற்காலியில் ஏறிப் படுத்தாள். ஊசி வருவதற்கு முன்பே, யாரும் கேட்காமல், இடது கையை எடுத்துத் தன் நெஞ்சில் தானே வைத்துக்கொண்டாள்.

“இந்தா நதியா,” என்றாள், “இப்பவே அமுக்கிக்க.”